தியேட்டருக்குள் போன்: கேட்டீர்கள், சொல்கிறோம்

தியேட்டரில் படம் பார்க்கும்போது எது உங்களுக்கு இடைஞ்சல் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போனைப் பற்றியே இருந்தன. திரையிடலும் அரங்க நிர்வாகமும் அறிந்தவர்கள் எழுதிய பதில்கள் இவை.

● பிரைட்னஸை அடியோடு குறைத்து, போனை மடியில் வைத்துத்தான் மெசேஜ் பார்க்கிறேன். சத்தமும் கிடையாது. அப்படியும் பின்வரிசையில் இருந்து "போனை ஆஃப் பண்ணுங்க" என்கிறார்கள். இது கொஞ்சம் அதிகமில்லையா?
– வாசகர், விழுப்புரம்

இல்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிஜிட்டல் சினிமாவுக்கான அளவுப்படி, 2டி படத்தில் திரையின் நடுவே முழு வெள்ளை விழும்போது இருக்கவேண்டிய ஒளி 48 நிட். ஒளியின் பிரகாசத்தை அளக்கும் அலகுதான் நிட். 3டி படத்தில், கண்ணாடி போட்டபின் கண்ணுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். இதெல்லாம் பளிச்சென்ற வெள்ளைக்கான கணக்கு. இரவில் நடக்கும் ஒரு காட்சியில் திரையின் பெரும்பகுதி ஒரு நிட்டுக்கும் கீழேதான் இருக்கும். வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் நாம் பார்க்கும் போன் நூறு, இருநூறு நிட் வரை ஒளிரும். அதை அடியோடு குறைத்தாலும் சில நிட் மிஞ்சும். வெள்ளைப் பின்னணியில் ஒரு சாட் பக்கத்தைத் திறந்தால், அந்த நேரத்தில் திரையில் ஓடும் காட்சியைவிட உங்கள் மடிதான் அதிகம் வெளிச்சமாக இருக்கும்.

பின்னால் இருப்பவரின் கண்ணையும் நினைத்துப் பாருங்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தைவிட அதைச் சுற்றியுள்ள பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவரின் ஓரக்கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் பட்டாலும் பார்வை தானாக அங்கே போய்விடும். உங்கள் போனை எட்டிப் பார்க்கும் ஆசை அவருக்கு இல்லை.

மடியில் வைத்தால் மறைந்துவிடும் என்பது பழைய தியேட்டர் கணக்கு. லேசான சரிவுள்ள தரையில், முன்சீட்டின் முதுகுப்பக்கம் பாதியை மறைத்துவிடும். இப்போதைய அரங்குகளில் வரிசைகள் படிப்படியாக உயர்வதால், பின்னால் மூன்று நான்கு வரிசைக்கு உங்கள் மடி நன்றாகத் தெரியும். டார்க் மோடில் வெளிச்சம் குறையும், ஆனால் விரல் தள்ளத் தள்ள அசைவது தெரியும். துப்பட்டாவுக்குள் மறைத்துப் பார்த்தால் முகத்தில் ஒளி அடிக்கும்.

இடைவேளைவரை தாங்காத செய்தி என்றால் எழுந்து கதவுக்கு வெளியே போய்ப் பாருங்கள். நேரம் பார்க்கத்தான் போனை எடுக்கிறீர்கள் என்றால், படத்தின் நீளம் டிக்கெட் ஆப்பிலேயே இருக்கிறது. உள்ளே போகும்முன் முடியும் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

● சைலண்ட்டில் போட்டுத்தான் உட்காருகிறேன். ஆனாலும் எப்படியோ சத்தம் போட்டு மானத்தை வாங்கிவிடுகிறது.
– வாசகி, கரூர்

சைலண்ட் என்பது அழைப்பு, மெசேஜ் ஒலியை மட்டும்தான் நிறுத்தும். அலாரத்தை நிறுத்தாது. ஃப்ளைட் மோடும் நிறுத்தாது. இரவு 9 மணி மாத்திரைக்கு வைத்த அலாரம் மாலைக் காட்சியின் நடுவே அலறுவது இப்படித்தான். அணைத்து வைத்தாலும் அலாரத்துக்குத் தானே எழுந்துகொள்ளும் சில ஆண்ட்ராய்டு போன்கள்கூட உண்டு. ஆகவே முதல் வேலை கடிகார ஆப்பைத் திறந்து, படம் ஓடும் நேரத்துக்குள் வரும் அலாரங்களை அணைப்பது.

அடுத்தது, அழைப்பையும் அறிவிப்பையும் அடக்கிவைக்கும் டூ நாட் டிஸ்டர்ப். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே ஆள் மறுபடி கூப்பிட்டால் அவசரமாக இருக்கும் என்று நினைத்து ஒலிக்கவிடும் வசதி அதற்குள் உண்டு. ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள்ளும் இரண்டாவது அழைப்பு வந்தால் அது உள்ளே வந்துவிடும். நாம் எடுக்கவில்லை என்றால் உடனே திரும்ப அடிப்பதுதானே நம் ஊர்ப் பழக்கம்! செட்டிங்ஸில் டூ நாட் டிஸ்டர்ப் பகுதிக்குள் 'ரிப்பீட் காலர்ஸ்' அல்லது 'ரிப்பீட்டட் கால்ஸ்' என்று இருப்பதை அணையுங்கள். ஃபேவரைட்ஸ் பட்டியலில் இருப்பவர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைப்ரேஷன் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டைப் பையில் இருந்தால் சரி. கப் வைக்கும் பிளாஸ்டிக் குழியில் வைத்தால் அந்தக் குழி முழுக்க அதிர்ந்து, அமைதியான காட்சியில் இரண்டு வரிசை தாண்டிக் கேட்கும். கைப்பிடி மேலும் வைக்காதீர்கள்.

ஒலி இல்லாமல் திரை மட்டும் ஒளிர்வதும் தொல்லைதான். கையில் எடுத்தாலே விழித்துக்கொள்ளும் 'ரெய்ஸ் டு வேக்' ஐபோனில் டிஸ்ப்ளே பகுதியில் இருக்கும். சாம்சங்கில் அதன் பெயர் 'லிஃப்ட் டு வேக்'. அதை அணைத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் பின்பக்க ஃப்ளாஷ் மின்னும்படி வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இருட்டில் அது கண்ணில் அறைகிறது.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்கள் தங்களிடம் இன்னொரு திரை இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு திரும்பி வாட்ச் ஒளிரும். ஆப்பிள் வாட்ச், சாம்சங் வாட்ச் இரண்டிலும் தியேட்டர் மோட் இருக்கிறது. ஆப்பிளில் இரண்டு முகமூடிகள் போட்ட சின்னம். அதைத் தட்டினால், நீங்களாகத் தொடும்வரை வாட்ச் இருட்டாகவே இருக்கும். இந்த வசதி இல்லாத மலிவு விலை பேண்டுகளைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவது நல்லது.

ஒன்றே ஒன்று உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. பேரிடர் எச்சரிக்கைச் செய்தி சைலண்ட்டையும் மீறி ஒலிக்கும். 2023-இல் நாடு முழுக்க இதைச் சோதனை செய்தபோது பலர் திடுக்கிட்டது நினைவிருக்கும். அது ஒலித்தால் யாரும் உங்களைக் குறை சொல்லக்கூடாது.

● நான் செவிலியர். விடுமுறை நாளிலும் வார்டில் இருந்து அழைப்பு வரலாம். அப்படியென்றால் நான் தியேட்டருக்கே போகக்கூடாதா?
– வாசகி, வேலூர்

தாராளமாகப் போங்கள். நடைபாதை ஓரச் சீட்டை, கதவுக்குப் பக்கமாகப் பார்த்து எடுங்கள். முடிந்தால் கடைசி வரிசை. டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, வார்டு எண் ஒன்றுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஒலி வேண்டாம், வைப்ரேஷன் போதும். போன் கைப்பைக்குள் இல்லாமல் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். அதிர்ந்தால் திரையைப் பார்க்காமலே எழுந்து வெளியே போய் எடுங்கள். "ஹலோ, தியேட்டர்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று உள்ளேயே குனிந்துகொண்டு சொல்வதுதான் எல்லோருக்கும் கேட்கும். அரங்கத்துக்குள் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது. விளம்பரம் ஓடும்போதே வார்டில் இருந்து ஒரு சோதனை அழைப்பு கொடுக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

● ஹீரோ என்ட்ரியை பத்து செகண்ட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது தப்பா? படத்துக்கு விளம்பரம்தானே?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சட்டப்படி தப்பு. 2023-இல் திருத்தப்பட்ட சினிமட்டோகிராஃப் சட்டம், உரிமம் பெற்ற அரங்கில் படத்தின் திருட்டுப் பிரதியை எடுக்கும் அல்லது பரப்பும் நோக்கத்தோடு ஒலி-ஒளிப் பதிவுக் கருவியைப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. 'படமோ, அதன் ஒரு பகுதியோ' என்றே அதில் இருக்கிறது. பத்து செகண்டும் ஒரு பகுதிதான். தண்டனை குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். அதிகபட்சம், கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். பெரிய படம் ஒன்றின் பட்ஜெட்டுக்கு அந்த 5 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள்.

திருட்டுப் பிரதி எங்கே எடுக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல் சினிமாவில் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத அடையாளக் குறி சேர்க்கப்படுகிறது. எந்த அரங்கு, எந்த நேரம் என்பதை வெளியான பிரதியில் இருந்தே எடுக்கமுடியும். மாட்டுவது நீங்கள் மட்டுமல்ல, உங்களை உள்ளே விட்ட தியேட்டரும் பதில் சொல்லவேண்டி வரும்.

விளம்பரம் என்று சொன்னீர்கள். அந்த என்ட்ரியை முதன்முதலாகத் திரையில் பார்த்துக் கத்தவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டோடு காத்திருக்கும் உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். படம் பார்க்க வந்ததைக் காட்ட லாபியில் போஸ்டர் முன் செல்ஃபி, டிக்கெட் படம் (கியூஆர் கோடை மறைத்து) போதும்.

● பக்கத்து சீட்டுக்காரர் போனை நோண்டிக்கொண்டே இருந்தால் எப்படிச் சொல்வது? சண்டை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

முதலில் ஒரு பத்து, பதினைந்து நொடி பொறுங்கள். பலர் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவார்கள். தொடர்ந்தால், தலையை லேசாகச் சாய்த்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி: "அண்ணா, வெளிச்சம் கண்ணுல படுது, கொஞ்சம் உள்ள வச்சுக்கறீங்களா?" வயதுக்கு ஏற்ற மாதிரி தம்பி, அக்கா, சார், அம்மா. வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஆளைப் பற்றிச் சொல்லாதீர்கள். "அறிவில்லையா", "படம் பார்க்க வந்தீங்களா போன் பார்க்க வந்தீங்களா" என்று ஆரம்பித்தால், அவர் மனைவி மக்கள் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார். முன்வரிசைக்காரர் என்றால் தோளைத் தொடாமல், சீட்டை உதைக்காமல், குனிந்து சொல்லுங்கள். "ச்ச்ச்" என்று பொதுவாக ஒலி எழுப்பினால் தொந்தரவு இரட்டிப்பாகும்.

ஒருமுறை சொல்லியும் கேட்கவில்லை என்றால் இரண்டாவது முறை நீங்கள் சொல்லவேண்டாம். வரிசை எழுத்தையும் சீட் எண்ணையும் பார்த்துக்கொண்டு வெளியே போய் ஊழியரிடம் சொல்லுங்கள். "எஃப் வரிசை, 12" என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். "உள்ள ஒருத்தர் போன் பார்க்கறார்" என்றால் அவர் எங்கே தேடுவார்? குடித்திருப்பவரிடம் நீங்களாகப் பேசவே வேண்டாம். இடைவேளையில் வேறு சீட் கேட்டால், காலி இருக்கும்பட்சத்தில் மாற்றித் தருவார்கள்.

● ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோவில் விசிலடிப்பதும் ஆடுவதும் கூடாது என்று மல்டிப்ளெக்ஸ் வந்தபிறகு சிலர் பாடம் எடுக்கிறார்கள். நம் ஊரில் படம் பார்ப்பதே அப்படித்தானே?
– ரசிகர் மன்ற உறுப்பினர், மதுரை

உங்கள் பக்கம்தான் நாங்கள். முதல் காட்சியில் விசில், கைதட்டல், பேர் போட்டதும் எழும் ஆரவாரம் எல்லாம் அந்தக் காட்சியின் ஒரு பகுதி. அரங்கமே திரையைப் பார்த்துக் கத்துகிறது. போன் அப்படியல்ல, அது ஒருவரைத் திரையில் இருந்து பிரித்து, அவரைச் சுற்றி இருப்பவர்களையும் சேர்த்து இழுக்கிறது. வசனம் ஒன்றுவிடாமல் கேட்கவேண்டும் என்பவர்கள் திங்கட்கிழமை காலைக் காட்சிக்குப் போகலாம். மன்றத்தினர் எடுத்த முதல் காட்சியில் உட்கார்ந்துகொண்டு அமைதி கேட்பது நியாயமில்லை.

ஆனால் திரைக்குப் பக்கத்தில் போகவேண்டாம். திரை வெறும் வெள்ளைத்துணி இல்லை. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் நெருக்கமாகத் துளையிட்ட வினைல் விரிப்பு அது. வசனம் வரும் நடு ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் நிற்கிறது. துளை வழியாகத்தான் குரல் வெளியே வருகிறது. 3டிக்காகப் பல அரங்குகளில் வெள்ளிப்பூச்சுத் திரை போட்டிருக்கிறார்கள். அதில் விரல் பட்டாலே தடம் விழும், துடைத்தால் பூச்சு போகும். கிழிந்தால் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு வெளிச்சமான காட்சியிலும் தழும்பாகத் தெரியும். பாலை, பூவை, எலுமிச்சம்பழத்தை அதன்மேல் எறிந்தால், அடுத்த மாதம் வேறு படம் பார்க்க வருபவர் அந்தக் கறையோடுதான் பார்க்கவேண்டும். கட்அவுட் வாசலில் இருக்கிறதே, அபிஷேகம் அங்கே நடக்கட்டும்.

கற்பூரம் உள்ளே கூடவே கூடாது. கிழித்துப் பறக்கவிட்ட காகிதம் தரை முழுக்கக் கிடக்கும். சீட்டுக்குள் ஃபோம் இருக்கிறது. எழுந்து ஆடும் கூட்டம் வழியை அடைத்திருக்கும். தீப்பிடித்தால் முதலில் புகைதான் கொல்லும்.

பாட்டுக்கு போன் டார்ச்சை ஆட்டுவதும் வேண்டாம். ஐம்பது டார்ச் திரைப்பக்கம் திரும்பினால் திரையின் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். நீங்கள் கொண்டாடும் பாட்டையே நீங்கள் வெளிறடித்துப் பார்க்கிறீர்கள்.

● கைக்குழந்தையோடு போகலாமா?
– வாசகி, நாகர்கோவில்

போகலாம், படத்தைப் பார்த்து. திரையரங்க ஒலி அளவை அமைக்கும்போது திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கர் சேனலுக்கும் 85 டெசிபல் என்று வைத்து, அதற்குமேல் 20 டெசிபல்வரை உயர இடம் விடுவார்கள். பல அரங்குகள் இதைவிடக் குறைத்தே ஓட்டினாலும், சண்டைக் காட்சி குழந்தைக் காதுக்கு அதிகம்தான். பக்கவாட்டுச் சுவரை ஒட்டிய சீட்டை எடுக்காதீர்கள், தலைக்கு நேரே ஸ்பீக்கர் இருக்கும். பச்சைக் குழந்தைகளுக்கென்றே விற்கும் காதுமூடிகளைப் போடலாம். காதுக்குள் சொருகும் பஞ்சு, அடைப்பான் வேண்டாம். நடைபாதை ஓரச் சீட்டு எடுத்து, அழ ஆரம்பித்ததுமே எழுந்துவிடுங்கள். அழுகையை அடக்க போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுப்பது தீர்வல்ல.

குழந்தைக்கான பால், சாப்பாட்டை அளவோடு கொண்டுபோகலாம். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் சொன்ன உச்ச நீதிமன்றம், கைக்குழந்தை உணவையும் இலவசக் குடிநீரையும் தடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. 'ஏ' சான்றிதழ் படத்துக்குப் பெற்றோரோடு வந்தாலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் ஊழியரோடு வாதாடுவதில் பயனில்லை.

● தாமதமாகப் போனால் டார்ச் அடிக்காமல் சீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகர், ஓசூர்

கதவைத் தாண்டியதும் அரை நிமிடம் ஓரமாக நில்லுங்கள், கண் கொஞ்சம் பழகும். திரையில் பகல் காட்சி வரும்போது நடங்கள். டார்ச் அவசியமே என்றால் விரலால் பாதி மூடி, உங்கள் செருப்பைப் பார்த்து அடியுங்கள். வரிசைக்குள் போகும்போது முன்சீட்டின் தலைப்பகுதியைப் பிடிக்காதீர்கள், அங்கே ஒருவரின் தலைமுடி இருக்கிறது.

● பார்வையற்றவன் நான். திரையில் நடப்பதைக் காதில் சொல்லும் காட்சி விவரிப்பு ஆப் வழியாகப் படம் ரசிக்கிறேன். ஹெட்செட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள் திட்டுகிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

திட்டுபவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை வெளியிடுகிறோம். செவித்திறன், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரையரங்கில் படம் பார்க்கும் வசதிகளுக்கான வழிகாட்டு நெறிகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டிருக்கிறது. மொபைல் ஆப் வழியாக விவரிப்பு கேட்பதும் அதில் ஏற்கப்பட்ட ஒரு வழி.

இத்தகைய ஆப்கள் பொதுவாக மைக் மூலம் படத்தின் ஒலியைக் கேட்டு, படம் எந்தக் கட்டத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கின்றன. எனவே போனைத் தடித்த பைக்குள் புதைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விவரிப்புக் கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னலை நம்பவேண்டியதில்லை. திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஐபோன் வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுத்துவிடும், ஆப் ஓடிக்கொண்டே இருக்கும். அதே வேலையைச் செய்யும் ஆண்ட்ராய்டு டாக்பேக்கிலும் திரையை மறைக்கும் வசதி உண்டு. ஒரு காதில் மட்டும் ஹெட்செட் போட்டால் அரங்க ஒலியும் சேர்ந்து கிடைக்கும்.

● ரிக்ளைனர் சீட்டின் இடுக்கில் போன் விழுந்துவிட்டது. சீட்டை முன்னும் பின்னும் இயக்கி எடுக்கலாமா?
– வாசகி, சேலம்

கூடாது. சீட்டுக்கடியில் மோட்டாரும் இரும்புக் கரங்களும் இருக்கின்றன. அவற்றுக்கிடையே போன் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கலாம். விமானத்திலும் இதே எச்சரிக்கையைத் தருகிறார்கள். சீட்டை அப்படியே விட்டு எழுந்து ஊழியரைக் கூப்பிடுங்கள்.

● போன் பார்ப்பவர்களுக்குத் தனி வரிசை ஒதுக்கினால் என்ன?
– வாசகர், புதுச்சேரி

வெளிச்சம் வரிசைக்குள் அடங்காது. 2016-இல் அமெரிக்காவின் ஏஎம்சி தியேட்டர் நிறுவனத் தலைவர், சில அரங்குகளில் மெசேஜ் அனுப்ப விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். ரசிகர்கள் கொதித்ததில் சில நாட்களிலேயே அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

● எங்கள் ஊரில் ஒற்றைத் திரை தியேட்டர் நடத்துகிறோம். ஜாமர் வைத்துவிட்டால் பிரச்சினை தீருமா?
– தியேட்டர் மேலாளர், தேனி மாவட்டம்

வைக்காதீர்கள். மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் அனுமதி இல்லாமல் ஜாமர் வைப்பது சட்டவிரோதம். தனியார் தியேட்டருக்கு அந்த அனுமதி கிடைக்காது. உள்ளே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் 108-ஐக் கூப்பிடவும் முடியாது. போதாததற்கு, சிக்னல் இல்லாத போனும் ஒளிரத்தானே செய்யும்? சிக்னல் வந்ததா என்று இன்னும் நாலு முறை எடுத்துப் பார்ப்பார்கள்.

உங்கள் கையில் இருப்பது அறிவிப்பும் ஆளும். போனை அணைக்கச் சொல்லும் ஸ்லைடை விளம்பரங்களின் நடுவே போட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். புகையிலை எச்சரிக்கைக்குப் பிறகு, படத்துக்கு நேர்முன்னால், விளக்கு அணையும்போது, குரலோடு போடுங்கள். அதைவிட முக்கியம், இடைவேளை முடிந்ததும் இன்னொரு முறை. பாதி எழுதிய மெசேஜோடுதான் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடத்தில்தான் அதிக வெளிச்சம் தெரியும்.

அந்தப் பத்து நிமிடம் ஓர் ஊழியரைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்துங்கள். முன்னால் நிற்பவருக்கு முகங்கள்தான் தெரியும், பின்னால் நிற்பவருக்கு எரியும் ஒவ்வொரு திரையும் தெரியும். அவர் கையில் இருக்கும் டார்ச் தரையைப் பார்த்தே இருக்கவேண்டும். யார் முகத்திலும் அடிக்கக்கூடாது. வரிசையின் முனைக்குப் போய்க் குனிந்து, "சார், போனைக் கொஞ்சம் உள்ள வச்சிடுங்க" என்று ஒருமுறை. மறுபடியும் எடுத்தால் வெளியே வந்து பேசிவிட்டு வரச்சொல்லட்டும். அதற்கும் மறுத்தால் மேலாளரான நீங்களே நேரில் போகவேண்டும். சம்பளத்துக்கு நிற்கும் பையனை அந்த வாக்குவாதத்தில் தனியாக விட்டுவிடாதீர்கள்.